பார்க்காததைச் சொல்லாதவர்

அந்தப் பெண்ணிடம் நான் ஒரு நாளும் 'வாங்க, போங்க' என்று பேசியதில்லை. ஒர்க் ஷாப்பில் என்னைவிடப் பத்து வயது இளைய பையன்களைக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்துப் பேச்சே அப்படி. அவரை மட்டும் "வா அம்மிணி, பாரு அம்மிணி" என்பேன். பாசத்தில் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் கை வருகிறது. இந்த மரியாதை அவருக்குப் போய்ச் சேரப்போவதில்லை. ஆனாலும் வேறு மாதிரி எழுத முடியவில்லை.

நாமக்கல்லில் சேலம் ரோட்டை ஒட்டி, எல்லாக் கம்பெனி கார்களையும் பார்க்கிற ஒர்க் ஷாப் அது. பதினைந்து வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு முன்மேசைக்கு வந்தவன் நான். வருகிறவர்களிடம் என்ன கோளாறு என்று கேட்டு ஜாப் கார்டு எழுதுவது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, சொன்ன நேரத்துக்கு வண்டியை வெளியே அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. அவர் வேலகவுண்டம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுப் பெண். அப்பா போர்வெல் போடுகிற ரிக் லாரியில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவர், வருடத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். இவர் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவர். வகுப்பில் இவர் ஒருவர்தான் பெண்ணாம். முதலாளி முதலில் போன் எடுப்பதற்குத்தான் வேலைக்கு வைத்தார். வண்டியில் மாட்டிக் கோளாறைப் படிக்கிற ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓசூருக்குப் போய்விட, நாலு நாளைக்குப் பார்க்கட்டும் என்று அந்தக் கருவியை இவரிடம் கொடுத்தார். நாலு நாள் இரண்டு வருடமாகிவிட்டது.

அவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில், "இன்னும் தெரியலீங்ணா" என்பதுதான்.

ஒரு கோழிப்பண்ணைக்காரரின் வண்டி வந்திருந்தது. காலையில் எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது. வேறு இடத்தில் இரண்டு முறை பேட்டரி மாற்றியும் தீரவில்லை. இவர் பேட்டரியில் மீட்டரை மாட்டிவிட்டு, கதவுகளை எல்லாம் சாத்திவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் எதையும் தொடவில்லை. வண்டி முழுசாகத் தூங்கினால்தான் எங்கே கரன்ட் திருட்டுப் போகிறது என்று தெரியும் என்றார். பண்ணைக்காரருக்குப் பொறுமை இல்லை. என்ன கோளாறு என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஒரே பதில். என்னிடம் வந்து, படித்த புள்ளை தெரியலை தெரியலை என்றால் என்ன அர்த்தம் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"அதுக்குப் பேரே 'தெரியலீங்ணா' தானுங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் லேசாகச் சிரித்தார். அன்றிலிருந்து அதுவே அவர் பெயராகிவிட்டது. பெயின்ட் அடிக்கிறவர்கள், வாட்டர் வாஷ்காரர்கள், உதிரிபாகக் கடையிலிருந்து வருகிறவர்கள் என எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மத்தியானம் அவர் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். வண்டிக்குப் பின்னால் பார்க்க யாரோ பொருத்திக் கொடுத்த கேமராவின் ஒயர், சாவியை எடுத்த பிறகும் கரன்டை இழுத்துக்கொண்டிருந்தது. அது யாருக்கும் நினைவில்லை. பட்டப்பெயர் மட்டும் நின்றது.

வேலையில் மட்டும்தான் அப்படி என்று இல்லை. ராசிபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்த இடத்தில், பையனின் அம்மா, "எம் பையனைப் புடிச்சிருக்குதா கண்ணு?" என்று கேட்டாராம். "இன்னும் தெரியலைங்க. ரெண்டு தடவை பேசிப் பாத்தாத் தெரியுமுங்க" என்று இவர் சொல்ல, வந்தவர்கள் தட்டில் வைத்த பலகாரத்தைத் தொடாமல் எழுந்துபோய்விட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவரே இதைச் சொன்னார். பொய்க்காவது புடிச்சிருக்குது என்று சொல்லியிருக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கிவிட்டு, அந்தப் பையன் நல்லவனாகக்கூட இருந்திருப்பான், அதுவும் தெரியாமலே போச்சு என்றார். வருத்தமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருப்பார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். வண்டி எண், என்ன என்ன சோதித்தார், மீட்டரில் என்ன வந்தது என்றெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். கடைசி வரியில் 'காரணம்' என்று எழுதி அதற்கு எதிரே கண்டுபிடித்ததை எழுதுவார். சில பக்கங்களில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். வண்டி சரியாகிப் போயிருக்கும். ஆனால் ஏன் சரியானது என்று இவருக்கு உறுதிப்படவில்லை. அந்த வண்டி ஆறு மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தால்கூடப் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்.

எனக்கு அவர் மேல் எரிச்சல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்கிறவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். பத்துக்கு ஏழு சரியாக இருக்கும். மீதி மூன்றுக்கு இன்னொரு பார்ட்டை மாற்றுவேன், அதுவும் ஆகாவிட்டால் இன்னொன்று. வண்டிக்காரர்களுக்கு அது தெரியாது. உடனே பதில் சொல்கிறவனைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். அவருக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் ஒரு நாளும் அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது.

ஒரு தடவை, மோகனூரிலிருந்து வந்த வண்டியில் ஒயர் கனெக்டரின் பிளாஸ்டிக் கிளிப் அவர் கையில் உடைந்துவிட்டது. பழைய வண்டி, தொட்டாலே நொறுங்குகிற கிளிப். டேப் சுற்றி மாட்டிவிட்டால் பத்து வருடத்துக்கு ஒன்றும் ஆகாது. அவர் டேப் சுற்றிவிட்டு, ஜாப் கார்டில் 'கிளிப் என் கையில் உடைந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு என் மேசையில் வைத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டிக்காரர் படிக்கிற காகிதத்தில் இதை எதற்கு எழுதுகிறாய், யாரும்தான் பார்க்கவில்லையே என்று கேட்டேன்.

"நான் பாத்தனுங்களே ணா" என்றார்.

அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டு நானே வேறு எழுதினேன்.

இனி அந்த டீச்சர் வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளி டீச்சர். நாற்பது வயதிருக்கும், தனியாக அப்பாவோடு இருக்கிறவர். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு சேலம் கூட்டிப் போக வேண்டும். அதற்காகவே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கியிருந்தார். என்ஜின் மேல்மூடி ஓரத்தில் ஆயில் கசிகிறது என்று கொண்டுவந்தார். டேப்பெட் கவர் என்போம். அதற்கடியில் இருக்கிற ரப்பர் பேக்கிங் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. மாற்ற வேண்டும். அந்த மாடலுக்குப் பேக்கிங் நாமக்கல்லில் இல்லை. சொல்லி வைத்தால் இரண்டு நாளாகும். டீச்சருக்கு மறுநாள் காலையில் சேலம் போக வேண்டும். சாயங்காலம் தந்துவிடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மெக்கானிக்குகள் எல்லோரும் ஊரில் கோயில் நோம்பி என்று லீவு. அதனால் நானே கையைப் போட்டேன். மூடியைக் கழற்றுவதற்கு முன் அதன் மேல் இருக்கிற, தீப்பொறிக்குக் கரன்ட் கொடுக்கிற இக்னிஷன் காயில்களை எடுக்க வேண்டும். அது எலக்ட்ரிகல் வேலை. ஸ்கேனரை வைத்துவிட்டு அவர் வந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வேறு வண்டிக்குப் போனார். நான் எதிரே இருந்த ஹார்டுவேர் கடைக்குப் போய், வாஷ்பேசின் ஓரத்தில் பூசுகிற சாதா சிலிகான் பேஸ்ட் ஒரு டியூப் வாங்கி வந்தேன். என்ஜினுக்கென்று தனியாகப் பேஸ்ட் உண்டு. எனக்கு அது தெரியாமல் இல்லை. அன்றைக்கு எங்கள் ஸ்டோரில் அதுவும் தீர்ந்திருந்தது. பழைய பேக்கிங்கின் மேல் டியூப்பைத் தாராளமாகப் பிதுக்கி, மூடியைப் போட்டு இறுக்கினேன். ஓரத்தில் பிதுங்கியதை விரலால் வழித்து விட்டேன்.

காயில்களைத் திரும்ப மாட்ட அவர் வந்தார். "பேக்கிங் வந்துருச்சுங்களாண்ணா?" என்று கேட்டார்.

வந்துவிட்டது என்றேன். ஜாப் கார்டிலும் 'பேக்கிங் மாற்றப்பட்டது' என்றே எழுதினேன். காயில் மாட்டியதற்காக அவர் அடியில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கார்டில் இருந்தது அவர் ஒருவருடைய கையெழுத்துதான். என்னுடையது இல்லை.

இரண்டு மாதம் கழித்து டீச்சர் திரும்ப வந்தார். மீட்டர் போர்டில் என்ஜின் லைட் எரிகிறது, வண்டி முன்போல் இழுப்பதில்லை என்றார். ஸ்கேனரை மாட்டினால், ஆக்ஸிஜன் சென்சார் மெதுவாக வேலை செய்கிறது என்று வந்தது. சைலன்சர் குழாயில் திருகியிருக்கிற சின்னச் சாமான் அது. எரிந்து வெளியே போகிற புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறது என்று பார்த்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். சென்சார் தாமதமாகச் சொன்னால் பெட்ரோல் தேவையான நேரத்துக்குக் கிடைக்காது. ஸ்கேனரைப் பிடித்திருந்தவர், ஒரு நாள் வண்டி இருக்கட்டும், ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஸ்கேனரே சொல்லிவிட்டது, இதற்கு மேல் என்ன பார்ப்பது என்று நான் புது சென்சாரைப் போட்டு அனுப்பிவிட்டேன். லைட் அணைந்தது. டீச்சர் என்னைத்தான் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இன்னும் இரண்டு மாதம் போயிருக்கும். டீச்சர் அப்பாவை அழைத்துக்கொண்டு சேலம் கிளம்பியிருக்கிறார். ஊர் ரோட்டிலிருந்து வந்து, பெரிய ரோட்டின் நடு இடைவெளியில் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். தூரத்தில் பஸ் வருவதைப் பார்த்து, போய்விடலாம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார். வண்டி போகவில்லை. இரண்டு குலுக்குக் குலுக்கி ரோட்டின் குறுக்கே நின்றுவிட்டது. பஸ்காரர் எப்படியோ ஒடித்து, மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டார். கார் மேல் கீறல்கூட இல்லை. ஆனால் அடுத்த மிதியில் வண்டி சட்டென்று பாய்ந்து, பயத்தில் டீச்சர் பிரேக் போட, பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்த அப்பாவின் நெற்றி முன்பக்கம் மோதிப் பிளந்துவிட்டது.

மறுநாள் டீச்சர் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் தலையில் கட்டோடு வெயிட்டிங் அறையில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் சண்டை போடவில்லை. பார்ட் மாற்றினீர்களே, பிறகும் ஏன் இப்படி ஆனது என்று மட்டும் கேட்டார். முதலாளி அந்தப் பெண்ணை அழைத்து, எவ்வளவு நேரமானாலும் சரி, காரணத்தைக் கண்டுபிடி என்றார்.

அவர் என்னைத்தான் டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்தார். பிறகு, "மிதிங்ணா... விடுங்ணா" என்று சொல்லிச் சொல்லி, ஸ்கேனரில் ஓடுகிற கோட்டைப் பார்த்துப் போனில் நேரம் வைத்துக் குறித்துக்கொண்டார். நல்ல சென்சார் என்றால் அந்தக் கோடு மேலும் கீழுமாகச் சரசரவென்று போய் வரும். இது மேலே போனால் அங்கேயே நின்று யோசித்து, பிறகு மெதுவாக இறங்கியது. நானும் பார்த்தேன். உடனே சென்சாரைக் குற்றம் சொல்லவில்லை அவர். சைலன்சர் இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்து எங்காவது காற்றுக் கசிகிறதா என்று பார்த்தார். கனெக்டரைப் பிரித்துத் துடைத்தார். ஒயரை இழுத்து இழுத்து மீட்டரில் பார்த்தார். சர்வீஸுக்கு நின்ற அதே மாடல் வண்டியின் சொந்தக்காரருக்குப் போன் போட்டு அனுமதி கேட்டு, அந்த சென்சாரைக் கழற்றி இதில் மாட்டினார். கோடு சரசரவென்று ஓடியது.

அப்படியானால் நாம் போட்ட சென்சார்தான் மட்டமான சரக்கு, முடிந்தது என்றேன். எனக்கு அத்தோடு முடிந்தால் போதும் என்றிருந்தது.

"பழசும் இப்படித்தானுங்ளே ணா போச்சு. ரெண்டும் ஒரே மாதிரி எப்படிங்ணா போகும்?" என்றவர், கழற்றிய சென்சாரைக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். அதன் முனையில், தூள் உப்பு ஒட்டினாற்போல் வெள்ளையாகப் படிந்திருந்தது. கரி படிந்திருந்தால் கறுப்பாக இருக்கும். அவர் ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்ஜின் பக்கம் வந்து, டேப்பெட் கவர் ஓரத்தைக் குனிந்து பார்த்து, நகத்தால் சுரண்டினார். மெல்லிய இழையாக ஒரு வெள்ளைப் பேஸ்ட் உரிந்து வந்தது.

அந்த சிலிகானிலிருந்து வருகிற ஆவி, என்ஜின் தன் காற்றைத் தானே இழுத்துக்கொள்கிற குழாய் வழியாக உள்ளே போய், எரிந்து, சென்சார் முனையில் வெள்ளைப் பொடியாகப் படிந்து அதன் மூச்சை அடைத்துவிடும். அவர் அதை எனக்கு விளக்கவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை. அந்த இழையை விரலில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கேள்வி மாதிரிதான் இருந்தது அந்தப் பார்வை. நான் பதில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

முதலாளி அறையில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் பேஸ்ட் இழையையும் சென்சாரையும் ஒரு காகிதத்தில் வைத்து மேசை மேல் வைத்து, இதனால் இது என்று மட்டும் சொன்னார். முதலாளி பழைய ஜாப் கார்டை எடுத்துவரச் சொன்னார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பேக்கிங் மாற்றியதாக எழுதியிருக்கிறதே, அன்றைக்கு இதில் வேலை பார்த்தது யார் என்று கேட்டார்.

"அன்னைக்கு மெக்கானிக் யாரும் இல்லீங்க. காயில் கழட்டி மாட்டினது அம்மிணிதான். கையெழுத்து இருக்குதுங்க" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இன்றைக்கும் கூசுவது அதனால்தான். பொய் சொல்லியிருந்தாலாவது பயத்தில் உளறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளலாம்.

முதலாளி அவரைப் பார்த்து, இந்தப் பேஸ்ட்டை நீயா போட்டாய் என்று கேட்டார். "நான் போடலீங்க" என்றார் அவர். பின்னே யார் போட்டது என்று முதலாளி கேட்டார்.

அவர் காகிதத்தில் இருந்த இழையைப் பார்த்தார். அந்த ஒர்க் ஷாப்பில் அன்றைக்கு மூடியைக் கையில் தொட்டவர்கள் இரண்டே பேர். தான் இல்லை என்றால் யார் என்று கணக்குப் போட அவருக்கு ஒரு நொடி போதும். பேக்கிங் வந்துவிட்டதா என்று கேட்டதற்கு, வந்துவிட்டது என்று நான் சொன்னது அவருக்கு மறந்திருக்காது.

"போட்டதை நான் பாக்கலீங்க. பாக்காததைச் சொல்ல முடியாதுங்க" என்றார்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். மழுப்புகிறாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். முதலாளியும் அப்படித்தான் நினைத்தார். அவர் கெட்டவர் இல்லை. வண்டிக்காரர் முன்னால் யாரையாவது கண்டித்தாக வேண்டியிருந்தது. செய்ததை ஒப்புக்கொள்ளக்கூட மனசு வரவில்லையா என்று கேட்டுவிட்டு, இனிமேல் ஸ்கேனரைத் தொட வேண்டாம், போன் எடுத்தால் போதும் என்றார். டீச்சரிடம், வேலை பார்த்தவர்களின் கவனக்குறைவு, மன்னித்துக்கொள்ளுங்கள், புது சென்சார் எங்கள் பொறுப்பு என்றார். நான் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் அவர் என் பின்னாலேயே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணா, பேக்கிங் வரட்டுமுங்ணா. அந்தப் பேஸ்ட்டை முழுசாச் சொரண்டி எடுத்துட்டு மாட்டுங்ணா. இல்லீனா மூணாவதும் போயிருமுங்ணா. அந்தப் பெரியவரை வெச்சுக்கிட்டு அவங்க மறுபடியும் ரோட்டுல நிக்கக் கூடாதுங்ணா."

சரி சரி என்றேன். பேக்கிங்குக்கு ஆர்டர் போட்டால், மூடியைத் திறந்தால், முதலாளி பக்கத்தில் வந்து நிற்பார். பழைய பேக்கிங் உள்ளேயே இருப்பதைப் பார்ப்பார். மாற்றியதாக எழுதியவன் நான்தான் என்று தெரிந்துவிடும். நான் புது சென்சாரை மாட்டி, அன்று சாயங்காலமே வண்டியை அனுப்பிவிட்டேன். வண்டி கேட்டைத் தாண்டும்போது போன் மேசையிலிருந்து எழுந்து நின்று பார்த்தார் அவர். பேக்கிங் எப்போது வந்தது என்று கேட்டார். அதெல்லாம் பார்த்தாயிற்று, நீ போனைப் பாரு என்றேன்.

ஒரு வாரமோ பத்து நாளோ போன் எடுத்தார். யார் என்ன கேட்டாலும் குரலில் மாற்றமில்லை. என்னிடமும் அப்படியே பேசினார். பிறகு ஒரு நாள் முதலாளியிடம் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். பிறகு ஈரோட்டுப் பக்கம் எங்கேயோ வேலையில் இருக்கிறார் என்று உதிரிபாகக்காரர் ஒருவர் சொன்னார்.

நான் டீச்சரின் போனுக்காகப் பயந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதம் ஆயிற்று. மூன்று, நான்கு என்று ஆயிற்று. போன் வரவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் அதற்கு மேலேயும் போனேன். ஒரு நாள் முதலாளியிடம், பேஸ்ட்டினால்தான் சென்சார் போகிறது என்று அந்தப் புள்ளை கதை கட்டிவிட்டது, பாருங்கள், இப்போது ஒன்றும் ஆகவில்லையே என்றேன். சொல்லிவிட்டு நானே அதை நம்பவும் ஆரம்பித்தேன். அவர் இல்லாத இடத்தில் அவரைத் தப்பானவர் ஆக்குவது சுலபமாக இருந்தது.

அடுத்த ஆயில் சர்வீஸுக்கு நாள் வந்தது. வண்டியை வீட்டுக்கே வந்து எடுத்துப் போகிற வசதி ஆரம்பித்திருந்தோம். அன்றைக்கு டிரைவர் இல்லை. நானே போனேன். டீச்சர் வீட்டு வாசலில் பச்சைக் கடலைக்காய் செடியோடு குவிந்து கிடந்தது. பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு கொத்தாக உருவிக்கொண்டிருந்தார். நெற்றியில் தழும்பு தெரிந்தது. டீச்சர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உள்ளே அழைத்து, காபி கொண்டுவந்து வைத்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு நேர்ல சொல்லோணும்னே இருந்தனுங்க. அன்னைக்கு அந்தப் பொண்ணை நீங்கதான் அனுப்பி உட்டீங்களாமா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. வண்டியை நான் அனுப்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தப் பெண் ஸ்கூட்டியில் ஒரு டூல் பாக்ஸோடு வந்திருக்கிறார். அவரால்தான் விபத்து ஆனது என்று நினைத்துக்கொண்டிருந்த டீச்சர் அவரை வாசலிலேயே நிறுத்தி, வண்டியைத் தொட வேண்டாம் என்றிருக்கிறார். அதற்கு அவர், ஒர்க் ஷாப் அண்ணன்தான் அனுப்பினார், அன்றைக்குப் பேக்கிங் கிடைக்கவில்லை, இப்போது வந்துவிட்டது, அவரே மாட்டிவிட்டு வரச் சொன்னார் என்றிருக்கிறார். என் பெயரைச் சொன்ன பிறகுதான் டீச்சர் சாவியைக் கொடுத்திருக்கிறார். மதியம்வரை வேப்பமரத்தடியில் நின்று மூடியைக் கழற்றி, பேஸ்ட்டை முழுவதும் சுரண்டி, துடைத்து, சேலத்திலிருந்து வாங்கி வந்திருந்த புதுப் பேக்கிங்கைப் போட்டு, ஆயிலும் மாற்றி, தெரு முனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பணம் கொடுத்ததற்கு, ஒர்க் ஷாப் வேலைதான் இது என்று வாங்க மறுத்துவிட்டாராம். இந்தப் பேஸ்ட்டை யார்தான் போட்டது என்று டீச்சர் கடைசியில் கேட்டிருக்கிறார். எங்க ஒர்க் ஷாப்பில ஆனதுங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"தப்புப் பண்ணின புள்ளைன்னாலும் நீங்க சொன்னதும் வந்து சரி பண்ணிட்டுப் போச்சுங்க. நீங்க நல்லாருக்கோணும்" என்றார் டீச்சர்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ரொம்பச் சின்ன வாக்கியம். காபியைக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வண்டி இப்போது நன்றாக இழுக்கிறதா என்று கேட்டேன்.

சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, பெரியவர் உருவிய கடலைக்காயை ஒரு மஞ்சள் பை நிறைய அள்ளி, கட்டிலிலிருந்து மெதுவாக எழுந்து வந்து என்னிடம் நீட்டினார்.

"அந்த அம்மிணி அன்னைக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலை சாமி. நாங்களும் வாசல்ல வெச்சே நாலு வார்த்தை பேசிட்டோம். இதை அதுகிட்டக் குடுத்துருங்க."

அவர் இப்போது எங்களிடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. குடுத்தர்றனுங்க என்று பையை வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் அந்தப் பை ஒர்க் ஷாப்பில் என் மேசைக்கு அடியில் இருந்தது. ஈரோட்டில் எங்கே என்று உதிரிபாகக்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். நான்காம் நாள் பை ஓரத்தில் ஈரவாடை அடித்தது. வீட்டுக்கு எடுத்துப் போனேன். மனைவி கழுவி, உப்புப் போட்டு வேகவைத்து, நடுவில் ஒரு தட்டில் கொட்டினாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். தெரிந்த கஸ்டமர் என்றேன். நல்ல கடலை என்றாள். நானும் சாப்பிட்டேன்.